மூன்று மாதத்திற்கு ஒரு சீட்டு

தியானப் பகுதி: நியாயாதிபதிகள் 7:1-8, மத்தேயு 13:24-30



திடப்படுத்தல் வகுப்பிற்குப் பெயர் கொடுக்கும் நாட்கள் வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் என் காதில் விழுவதுண்டு. “ஐயா, பிள்ளைகள் வருகிறார்களே, அதுவே பெரிய காரியம், எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்பது ஒன்று. “வசனம் தெரியாதவர்களையும் ஆலயத்திற்கு வராதவர்களையும் சேர்த்துச் சேர்த்துத்தான் சபை இப்படி ஆயிற்று, பத்துப்பேர் போதும், நல்லவர்களாக இருக்கட்டும்” என்பது மற்றொன்று. முதலாவது குரலுக்கு வலைக்குள் எல்லாவித மீன்களும் வந்த உவமை துணைநிற்கிறது. இரண்டாவது குரலுக்குக் கிதியோனின் முந்நூறு பேர் துணைநிற்கிறார்கள். வேதத்தில் இரண்டுக்கும் இடம் இருப்பதால் வழக்கு எளிதில் தீர்வதில்லை.

இந்த வழக்கைத் தன் வாழ்நாள் முழுவதும் சுமந்த ஒருவருடைய வரலாற்றை இவ்வாரம் சிந்திக்கலாம். அவர் ஜான் வெஸ்லி. அவரைப் பிரசங்கியாராகவே பலரும் அறிவோம். ஆனால் அவர் நாட்குறிப்பைப் படிக்கும்போது, ஊர் ஊராகப் போய் அங்கத்தினரின் பெயர்களை வாசித்து, எண்ணி, விசாரித்து, சிலவற்றை அடித்துவிட்டு மறுபடியும் எண்ணுகிற ஒரு மனிதரையே அடிக்கடி சந்திக்கிறோம்.

தொடக்கம் ஒரு மாணவர் கூட்டம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 1729ஆம் ஆண்டில் சார்லஸ் வெஸ்லி, வில்லியம் மோர்கன், ராபர்ட் கிர்க்கம் ஆகியோர் கூடி வாசிக்கவும் ஜெபிக்கவும் தொடங்கியிருந்தனர். அவ்வாண்டு நவம்பரில் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பிய ஜான் அவர்களுக்குத் தலைவரானார். கிரமமாகத் திருவிருந்தில் பங்குபெறுவது, உபவாசிப்பது, நேரத்தைக் கணக்கெழுதுவது ஆகியவை அவர்களுடைய ஒழுங்கு. மோர்கனின் தூண்டுதலால் 1730 முதல் ஆக்ஸ்போர்டு கோட்டைச் சிறையில் இருந்தவர்களையும் சந்தித்தனர். மற்ற மாணவர்கள் இவர்களைப் ‘பரிசுத்தர் மன்றம்’ என்றும் ‘மெதடிஸ்டுகள்’ என்றும் கேலி செய்தார்கள். கேலியாக இட்ட அந்தப் பெயர்தான் பின்னாளில் ஆலய முகப்புகளில் கல்லில் வெட்டப்பட்டது.

அந்த மன்றம் ஒருபோதும் பெரிதாகவில்லை. 1732இல் மோர்கன் நோயுற்று மரித்தபோது, அளவுக்கு மீறிய உபவாசமே அவரைக் கொன்றது என்று ஊர் பேசிற்று. அடுத்த ஆண்டு வெஸ்லி சிறிது காலம் வெளியூர் சென்று திரும்பினார். அவருடைய கூட்டத்தாரில் திருவிருந்துக்கு வந்துகொண்டிருந்த இருபத்தேழு பேர் ஐந்து பேராகச் சுருங்கியிருந்தனர். தகுதியைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட கூட்டம் வேறு இருந்திராது. ஆயினும் தலைவர் கண்ணுக்கு மறைந்தவுடன் ஐந்தில் நான்கு பங்கு கரைந்துபோயிற்று. நல்லவர்களைப் பார்த்துப் பொறுக்கினால் போதும் என்போர் இந்தக் கணக்கைச் சற்று மனதில் வைக்கவேண்டும்.

பின்பு அமெரிக்காவின் ஜார்ஜியாவில் நடந்ததை வெஸ்லியின் அன்பர்கள் விரைந்து கடந்துபோவதுண்டு. நாமும் நீண்ட நேரம் நிற்கவேண்டாம். சவானா ஊரில் குருவாயிருந்த அவர், தாம் ஒரு காலத்தில் மணக்க நினைத்த சோபியா ஹாப்கி வேறொருவரை மணந்த சில மாதங்களுக்குப்பின், 1737 ஆகஸ்டில் அந்தப் பெண்ணுக்குத் திருவிருந்தைக் கொடுக்க மறுத்தார். முன்கூட்டித் தெரிவிக்காமல் பந்திக்கு வந்தாள் என்பது முதலான விதிகளைக் காரணம் காட்டினார். விதி இருந்தது மெய்யே. ஆனால் அதைப் பிடித்திருந்த கை காயப்பட்ட கை. வழக்கு நீதிமன்றம் சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் வெஸ்லி அவ்வூரைவிட்டு வெளியேறினார். வாசலைக் காக்கிறவன் தன் இருதயத்தையும் காத்துக்கொள்ளாவிட்டால் என்ன நேரும் என்பதை நான் இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து கற்றதுபோல வேறெதிலிருந்தும் கற்கவில்லை.

1738 மே 24ஆம் நாள் லண்டன் ஆல்டர்ஸ்கேட் வீதியில் அவர் உள்ளம் அனல்கொண்ட வரலாறு நமக்குத் தெரிந்ததே. மறு ஆண்டு ஜார்ஜ் விட்பீல்டு அழைத்ததன்பேரில் பிரிஸ்டலுக்குப் போய், வெட்டவெளியில் பிரசங்கிக்கத் துணிந்தார். ஆலய வாசலை மிதிக்காத நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் நின்று கேட்டார்கள். கேட்டவர்களில் பலர் கண்ணீர்விட்டார்கள். கண்ணீர்விட்டவர்களை என்ன செய்வது?

இங்கேதான் வெஸ்லி இரண்டு குரல்களுக்கும் உடன்படாத ஒரு வழியைத் தேர்ந்தார். அவருடைய சங்கத்தில் சேர ஒரே ஒரு நிபந்தனைதான்: வரப்போகிற தேவகோபத்துக்குத் தப்பி, பாவத்திலிருந்து இரட்சிக்கப்படவேண்டும் என்ற விருப்பம். விசுவாச அறிக்கையில் தேர்ச்சி வேண்டும் என்றோ, மனமாற்றத்தின் சாட்சியைச் சொல்லவேண்டும் என்றோ அவர் கேட்கவில்லை. ஆங்கிலிக்க சபையாரும் அதிலிருந்து பிரிந்திருந்த சபையாரும் சேரலாம். வாசல் அவ்வளவு அகலம். ஆனால் உள்ளே தொடர்ந்திருக்க விரும்புகிறவர் அந்த விருப்பத்தை வாழ்க்கையில் காட்டவேண்டும். தீமையை விடவேண்டும், நன்மை செய்யவேண்டும், ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து முதலிய கிருபையின் வழிகளைக் கைக்கொள்ளவேண்டும். வெஸ்லி சகோதரர் இருவரும் 1743இல் வெளியிட்ட ‘பொது விதிகள்’ இந்த மூன்றையும் விரித்துரைக்கின்றன. கள்ளக்கடத்தல் சரக்கை வாங்கவும் விற்கவும் கூடாது என்பதுவரை அதில் உண்டு. மீறுகிறவனுக்கு முதலில் புத்தி சொல்லவேண்டும், சில காலம் பொறுத்துக்கொள்ளவேண்டும்; திருந்தாவிட்டால் மாத்திரமே அவனுக்கு அங்கே இடமில்லை.

பெரும்பாலான கூட்டங்கள் நுழைவாசலில் கண்டிப்பாயிருந்து, உள்ளே வந்தபின் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெஸ்லி அதைத் தலைகீழாக்கினார்.

ஆனால் தொடர்ந்து கவனிப்பது யார்? 1741 பிப்ரவரியில் பிரிஸ்டலில் அவரே பட்டியலை எடுத்து உட்கார்ந்தார். யார்மேல் நியாயமான குறை சொல்லப்பட்டதோ, யாரைத் தெரிந்து சாட்சி சொல்ல நம்பத்தக்கவர் எவரும் இல்லையோ, அவர்களைத் தனியே குறித்தார். குற்றஞ்சாட்டினவர்களையும் சாட்டப்பட்டவர்களையும் நேருக்கு நேர் நிறுத்தி விசாரித்தார். குற்றமற்றவர்களும், தவறை ஒப்புக்கொண்டு திருந்த வாக்களித்தவர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஏறக்குறைய நாற்பது பேர் பிரிந்துபோயினர். அது சிறிது காலத்துக்கு மட்டுமே என்று தாம் நம்புவதாக அவர் எழுதிவைத்தார். இந்த முறை ஓர் ஊருக்குச் சரி. குதிரைமேல் நாடெங்கும் அலைகிற ஒருவர் எத்தனை ஊர்களில் இப்படி உட்கார முடியும்?

விடை, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது: கடனிலிருந்து. பிரிஸ்டலில் கூட்டம் கூடுவதற்காகக் கட்டிய புதிய மண்டபத்தின்மேல் கடன் நின்றது. 1742 பிப்ரவரி 15ஆம் நாள் அதைத் தீர்க்கும் வழியை ஆலோசிக்கச் சிலர் கூடினர். ஃபாய் என்ற கப்பல் தலைவர் எழுந்து, ஒவ்வொரு அங்கத்தினரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்றார். பலர் அதற்கும் வழியில்லாத ஏழைகளாயிற்றே என்று ஒருவர் மறுத்தார். அப்படியானால், மிகவும் ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் ஒப்புவியுங்கள். நான் வாரந்தோறும் அவர்களைப் போய்ப் பார்க்கிறேன். அவர்களால் கொடுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அவர்களுக்காகவும் நானே கொடுக்கிறேன் என்றார் ஃபாய். மற்றவர்களும் அவ்வாறே தங்கள் அக்கம்பக்கத்தில் பதினொரு பேரை ஏற்றுக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். பன்னிரண்டு பேர்கொண்ட ‘வகுப்பு’ இப்படிப் பிறந்தது.

காசு வாங்கப் போனவர்கள் வேறு செய்தியோடு திரும்பினர். ஒரு வீட்டில் புருஷனும் மனைவியும் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் ஒருவன் குடித்திருந்தான். இதைக் கேட்ட வெஸ்லிக்கு, நெடுங்காலமாய்த் தேடியது கிடைத்துவிட்டது என்று பளிச்சென்று விளங்கிற்று. அடுத்த மாதமே லண்டனில் இதைப் பரப்பினார். அங்கே அங்கத்தினர் வாப்பிங் முதல் வெஸ்ட்மின்ஸ்டர் வரை சிதறிக்கிடந்ததால், அவர்கள் நடையை ஒருவராலும் அறிய முடியாதிருந்தது. முதலில் வகுப்புத் தலைவர் வீடு வீடாகப் போனார். அதற்கு நேரம் போதவில்லை. சில எஜமானர்கள் தங்கள் வீட்டுக்குள் விடவுமில்லை. ஆகவே பன்னிருவரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடலாயினர். அந்தத் தலைவர்களில் குருப்பட்டம் பெற்றவர் எவருமில்லை. கைத்தொழிலாளரும் கடைக்காரரும் விதவைகளும் அந்தப் பணியைச் செய்தனர். பெண்கள் மிகப் பலர்.

எதிர்ப்பும் இருந்தது. நாங்கள் சேர்ந்தபோது இந்த ஏற்பாடு இல்லையே, இப்போது ஏன் என்று பழைய அங்கத்தினர் முறுமுறுத்தனர். (எந்தச் சபைக் கூட்டத்தில் இந்த வார்த்தை எழவில்லை?) தொடக்கத்திலேயே இது இல்லாமற்போனதுதான் பரிதாபம், அப்போது இதன் தேவையும் பயனும் எங்களுக்குத் தெரியவில்லை என்று வெஸ்லி ஒளிவுமறைவின்றிப் பதில் சொன்னார்.

வகுப்போடு சேர்ந்து வந்தது சீட்டு. மூன்று மாதத்திற்கு ஒருமுறை வெஸ்லியோ அவர் அனுப்பிய உதவியாளரோ ஒவ்வொரு வகுப்பையும் சந்தித்து, ஒவ்வொருவரோடும் பேசி, ஒரு வேதவசனம் அச்சிட்ட சிறு சீட்டைக் கொடுப்பார்கள். அங்கத்தினருக்குரிய கூட்டங்களுக்குள் போக அந்தச் சீட்டு வேண்டும். புதிதாய் வருகிறவர் உடனே சீட்டுப் பெறுவதில்லை. சில மாதங்கள் வகுப்பில் இருந்து, தலைவருடைய பரிந்துரையின்பேரில் பெறுவார். நடை கெட்டவருக்கு அடுத்த காலாண்டில் புதுச் சீட்டு வராது. கூட்டத்தின் நடுவே பெயரைச் சொல்லி அவமானப்படுத்தவேண்டிய அவசியமில்லை. ஓசையில்லாமல் ஒருவரை விலக்கவும், அதேபோல ஓசையில்லாமல் மறுபடியும் சேர்க்கவும் அந்தச் சிறு காகிதம் உதவியது. அடுத்த காலாண்டு எப்போதும் வரும் அல்லவா?

இப்போது நியூகாசிலுக்கு வருவோம். இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள அந்த நிலக்கரித் துறைமுகத்தில் வெஸ்லி முதலில் பிரசங்கித்தது 1742 மே மாதம். மிக விரைவில் பெரும் சங்கம் எழும்பிற்று. பத்து மாதங்கழித்து, 1743 மார்ச் 12ஆம் நாள், பிரிந்துபோனவர்களின் கணக்கை அவர் நாட்குறிப்பில் எழுதினார். சபை வரலாற்றில் இதைப்போல் ஒளிவில்லாத பட்டியலை நான் வேறெங்கும் படித்ததில்லை.

விலக்கப்பட்டவர்கள் 64 பேர். சபித்தலும் ஆணையிடுதலும் 2, ஓய்வுநாளை வழக்கமாய் மீறியது 2, குடிவெறி 17, சாராயம் விற்றது 2, சண்டையும் கலகமும் 3, மனைவியை அடித்தது 1, வேண்டுமென்றே பொய் சொல்லும் வழக்கம் 3, நிந்தையும் புறங்கூறுதலும் 4, சோம்பல் 1, மீதி 29 பேர் விளையாட்டுத்தனத்துக்காகவும் கவலையீனத்துக்காகவும்.

இந்த எண்களை வாசிக்கும்போது எனக்கு இரண்டு இடங்களில் தடை உண்டாகிறது. குடித்தவர் பதினேழு பேர் இருந்த இடத்தில், மனைவியை அடித்தவன் ஒருவன்தானா? மற்ற மனைவிகள் பேசவில்லை என்றே எண்ணுகிறேன். அடுத்து, அந்த 29. ஏறக்குறையப் பாதி. குடி என்றால் என்னவென்று எவருக்கும் தெரியும். விளையாட்டுத்தனத்தை அளப்பது எப்படி? சிரித்துப் பேசும் சுபாவமுள்ள ஓர் இளைஞனை முகம் இறுகிய ஒரு தலைவர் இந்தப் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார் என்று யார் உறுதி சொல்வது? வெஸ்லியை மதிக்கிற நான் இந்த இடத்தில் அவரோடு முழுமனதாய் உடன்பட முடியவில்லை. களைகளைப் பிடுங்கும்போது கோதுமையும் சேர்ந்து வேரோடு வந்துவிடும் என்று ஆண்டவர் எச்சரித்தது இப்படிப்பட்ட 29 பேரை நினைத்துத்தானோ என்னவோ.

தாமாகவே விலகினவர்கள் 76 பேர். அந்தக் காரணங்களையும் அவர் எழுதினார். அங்கத்தினராயிருந்தால் தங்கள் போதகர்கள் திருவிருந்து கொடுக்க மறுப்பார்கள் என்று, வேறு சபைகளைச் சேர்ந்த 14 பேர். கணவனோ மனைவியோ விரும்பாததால் 9. பெற்றோர் விரும்பாததால் 12. வேலை கொடுத்த எஜமானர் தடுத்ததால் 5. பழக்கமானவர்கள் வேண்டாம் என்று சொன்னதால் 7. சங்கத்தைப்பற்றி ஊரார் அவதூறு பேசியதால் 5. பிறர் சிரிப்பதைத் தாங்கமாட்டாமல் 9. ஏழைகளுக்குக் கிடைக்கும் உதவித்தொகை நின்றுவிடும் என்று அஞ்சி 3. நேரமில்லை என்று 3. தூரம் என்று 2. பின்னும் சில உதிரிக் காரணங்கள். ஒரு குறிப்பிட்ட மனிதர் சங்கத்தில் இருக்கிறார் என்பதற்காகவே இருவர் விலகினர்! தேவனைச் சேவிக்க இன்னும் காலம் இருக்கிறது என்று சொல்லிப் போனவர் ஒருவர்.

கணவன் மனைவி, பெற்றோர், எஜமானர் என்ற மூன்று வரிகளையும் கூட்டிப் பாருங்கள்: 26. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், தகுதியில்லாமல் அல்ல, வீட்டிலும் வேலையிலும் தாங்க முடியாத நெருக்கத்தால் போனவர்கள். இவர்களில் சிலர் இருந்தவர்களைவிட நல்லவர்களாகவும் இருந்திருக்கக்கூடும். எண்ணிக்கை குறைந்தால் சபை தூய்மையாயிற்று என்று சொல்லிக்கொள்வது எளிது. நியூகாசில் பட்டியல் அந்த ஆறுதலை நமக்குத் தருவதில்லை. கிதியோனைவிட்டுத் திரும்பிய 22,000 பேரும் பயந்ததால் திரும்பினார்கள் என்றே வேதம் சொல்கிறது. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவரவர் வீட்டுக்குப் போனார்கள். மீதியானியர் துரத்தப்பட்டபின் இஸ்ரவேல் கோத்திரங்கள் பலவற்றிலிருந்து மனுஷர் மறுபடியும் கூட்டப்பட்டதையும் அதே அதிகாரத்தின் இறுதியில் வாசிக்கிறோம்.

எண்களின்மேல் வெஸ்லிக்கு வேறொரு கோபமும் இருந்தது. 1748 மார்ச்சில் அவர் டப்ளினுக்குத் திரும்பினார். அங்கத்தினர் பெருகிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அடிக்கடி கடிதங்கள் வந்திருந்தபடியால், அறுநூறு எழுநூறு பேராவது இருப்பார்கள் என்று நம்பி வந்தார். எண்ணிப் பார்த்தார். அவர் விட்டுப்போனபோது இருந்தவர்கள் 394. இப்போது 396 பேராவது இருப்பார்களோ என்பதே ஐயம். உள்ளதைவிட மிகுதியாக வர்ணிக்கும் அந்த வழக்கத்தை வெறுக்கத்தக்கது என்று எழுதினார். ஆண்டறிக்கைகளில் கையெழுத்திடுகிற எனக்கு இந்த வரலாறு சுகமாய் வாசிக்கத்தக்கதாக இல்லை.

கார்ன்வால் கடற்கரையிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊரில், 1753இல், அங்கத்தினரில் ஏறக்குறைய எல்லாருமே தீர்வை கட்டாத சரக்கை வாங்கியோ விற்றோ வந்ததைக் கண்டார். ஊர் முழுவதும் செய்கிற தொழில் அது. ஒருவரை விலக்கினால் எல்லாரையும் விலக்கவேண்டும். தனித்தனியாய்ப் பேசுவதை நிறுத்தி, அனைவரையும் ஒன்றாய்க் கூட்டி, இதை விடாவிட்டால் என் முகத்தை இனிக் காணமாட்டீர்கள் என்று சொல்லிவிட்டார். விடுவதாக ஒவ்வொருவரும் வாக்களித்தனர். ஒரு சங்கத்தையே இழக்கத் துணிந்த நாள் அது.

இவ்வளவு கண்டிப்பால் இயக்கம் சுருங்கியதா? 1767ஆம் ஆண்டின் மாநாட்டுக் குறிப்பில் அங்கத்தினர் தொகை 25,911. வெஸ்லி மரித்த 1791இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக 70,000க்கு மேல். கூட்டங்களுக்கு வந்து கேட்டவர்கள் இதைவிடப் பன்மடங்கு. அவர்களை அவர் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. பிரசங்க வல்லமையில் வெஸ்லியை விஞ்சியவர் விட்பீல்டு. அவர் தம் பிரசங்கத்தால் விழிப்படைந்தவர்களை இப்படி வகுப்புகளில் சேர்த்துக் கட்டவில்லை. என் ஜனங்கள் மணற்கயிறுபோல் ஆனார்கள் என்று பிற்காலத்தில் அவர் வருந்தியதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. மணலைக் கயிறாகத் திரிக்கிற வேலையை நாமும் அறிவோம்.

எனினும் வகுப்பு என்றென்றும் நிலைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்டு சபைகள் செல்வமும் மதிப்பும் பெற்றபோது, வாரந்தோறும் பன்னிரண்டு பேர் நடுவில் தன் ஆத்தும நிலையைச் சொல்வது பலருக்குக் கூச்சமாயிற்று. பென்னி மாத்திரம் தவறாமல் வந்தது; சீட்டு சந்தா ரசீதைப்போல் ஆயிற்று. அமெரிக்கத் தெற்கு மெதடிஸ்டு சபை 1866இல் வகுப்புக்கு வருவது கட்டாயம் என்ற விதியை நீக்கிவிட்டது. அதற்குள் அந்த மரபு நம்மிடமும் வந்து சேர்ந்திருந்தது. 1814இல் இலங்கையில் இறங்கிய வெஸ்லியன் மிஷனெரிகளில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச், யாழ்ப்பாணத்திலிருந்து 1817இல் சென்னைக்கு வந்தார். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த வழியினரும் அதில் இணைந்தனர்.

ஃபாய் கேட்டது நினைவிருக்கட்டும். தலைவர்களாயிருந்தவர்கள் பதினொரு பேரைத் தேர்ந்துகொள்ளும்போது நல்ல குடும்பத்தாரை, ஒழுங்காய்க் கொடுக்கிறவர்களைக் கேட்பது இயல்பு. அவர் மிகவும் ஏழைகளைக் கேட்டார். அந்தப் பதினொருவரின் பெயர்கள் நம்மிடம் இல்லை. வாரந்தோறும் அவர்கள் வாசலில் ஒரு கப்பல் தலைவர் வந்து நின்றார் என்பது மட்டும் இருக்கிறது.

என்னைக் குறித்து ஒன்றைச் சொல்லவேண்டும். கடந்த ஆண்டுகளில் திடப்படுத்தலுக்கென்று நான் கையெழுத்திட்டுக் கொடுத்த பட்டியல்களில், நான் ஒருமுறையும் போகாத வீடுகளின் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் சிலர் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப்பின் ஆலயத்திற்கு வரவில்லை. யாரும் போய்க் கேட்கவுமில்லை.

இந்த முறை பெயர் கொடுக்கும் எல்லாரையும் வகுப்பில் சேர்த்துக்கொள்வதென்று தீர்மானித்திருக்கிறோம். வகுப்பு தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டுக்கும் நானும் மூப்பர் ஒருவரும் வருவோம். திடப்படுத்தலுக்குப்பின் மூன்று மாதங்கழித்து மறுபடியும் வருவோம். பிள்ளைகளும் பெற்றோரும் ஒன்றாய் வீட்டில் இருக்கும் வேளையை ஞாயிறு ஆராதனைக்குப்பின் ஆலய அலுவலகத்தில் எழுதிக்கொடுங்கள். மாலை ஆறு மணிக்குமேல் என்றாலும் வருவோம்.